நிமிர்ந்து பார்க்காத பறவைச் சங்கம்

நெட்டூரணியில் புத்திக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. யாரும் அதை எடுத்துச் செலவு பண்ணியதில்லை, அப்புறம் எப்படிப் பஞ்சம் வரும்? நான் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் ஊரில் டீக்கடை கிடையாது என்பதால் தினமும் நெட்டூரணிக்குப் போய்த்தான் டீ குடிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கதையில் நடந்த அத்தனையையும் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நானே பார்த்தேன். தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு தடவை தடுத்துப் பார்த்தேன், அதையும் சொல்கிறேன்.

மெயின் ரோட்டு ஓரத்தில் ஒரு பெரிய புளியமரம். அதன் அடியில் சீனித்தாயின் டீக்கடை. புருஷன் போன பிறகு அவளுக்கு என்று மிஞ்சியது ஒரு பாய்லர், ஒரு வடைச்சட்டி, மேலே அந்த மரத்து நிழல். வருஷா வருஷம் மழை முடிந்ததும் பெரிய பெரிய வெள்ளைப் பறவைகள் வந்து அந்த மரத்தில் கூடு கட்டும். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, நத்தையை உடைத்துத் தின்பதற்கென்றே நடுவில் இடைவெளி விட்ட அலகு. நத்தைகுத்தி நாரை என்று ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். நெட்டூரணியில் அது என்ன பறவை என்று தெரியாதவர்கள் நாலே பேர்தான். அந்த நாலு பேரும் சேர்ந்துதான் ஊரில் பறவைச் சங்கம் வைத்திருந்தார்கள்.

தலைவர் பரஞ்சோதி. அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய தொப்பை வந்துவிடும். செயலாளர் குருந்தப்பன், யார் எதைச் சொன்னாலும் அதைத் தீர்மானமாக எழுதிவிடுவார். பொருளாளர் உலகநாதன். சங்கத்தில் பொருள் என்று எதுவும் இல்லாததால் அவர் யோசனையை மட்டும் பார்த்துக்கொண்டார். நாலாவது ஆள் மாயகிருஷ்ணன். சங்கம் என்றால் ஓர் உறுப்பினராவது இருக்க வேண்டுமே என்று சேர்க்கப்பட்டவன். போன் வைத்திருந்தவனும் அவன்தான். வாங்கும்போது கேமரா கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவன் இன்னும் உரிக்கவில்லை, உரித்தால் போன் பழசாகிவிடும் என்பது அவனுடைய கவலை.

இப்படி எல்லாரும் நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. மரத்திலும் கடைச் சுவரிலும் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோடு போட்டதெல்லாம் போகும் என்று அர்த்தம்.

சீனித்தாய் வடை மாவைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். "இந்தக் கடையும் போச்சுன்னா நான் எங்கய்யா போயி நிப்பேன்?" என்று கேட்டாள். நான் பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுக் காசை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. காட்டுப் பறவைகள் தங்கும் இடம் என்று வனத்துறை எழுதிக் கொடுத்துவிட்டால் ரோடு கொஞ்சம் தள்ளிப் போகும். சீனித்தாய் யார் யாரிடமோ நம்பர் வாங்கி ரேஞ்சர் அற்புதராஜுக்குப் போன் போட்டாள். ரேஞ்சர் வேலை மிகுந்தவர். மரத்தை வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை, போட்டோவைப் பார்க்க மட்டும் நேரமுண்டு.

"உங்க ஊர்லதான் பறவைச் சங்கம் இருக்கேம்மா. அவங்க போட்டோ எடுத்து, அதுல இருக்கிறது என்ன பறவைன்னு எழுதிக் குடுக்கட்டும், நான் உடனே உத்தரவு போடுறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நேர்ல பார்த்தேன், எங்க தாத்தா சொன்னாருன்னு எல்லாம் எழுதக் கூடாது. போட்டோவைப் பார்த்து மட்டும்தான் சொல்லணும்."

சீனித்தாய் இதை அப்படியே சங்கத்திடம் சொன்னாள். அவள் செய்த தப்பு அதுதான்.

"நேர்ல பார்க்கக் கூடாதுன்னுட்டாரு," என்றார் தலைவர் பரஞ்சோதி. செயலாளர் எழுதிக்கொண்டார். அந்த நிமிஷத்தில் இருந்து சங்கத்தார் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. தப்பித் தவறிக்கூடக் கண் மேலே போய்விடக் கூடாது என்று நாலு பேரும் ஆளுக்கு ஒரு கறுப்புக் குடை வாங்கி விரித்துக்கொண்டார்கள். மாயகிருஷ்ணன் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனை மரத்துக்கு நேராக நீட்டி ஒரு படம் எடுத்தான்.

படத்தின் நடுவில் வெள்ளையாக ஒன்று. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒன்று. கீழே குச்சி மாதிரி இரண்டு. மற்றதெல்லாம் புகை. நாலு பேரும் குடைகளை ஒன்று சேர்த்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு ஆராய்ந்தார்கள்.

"இது மேகமா இருக்குமோ?" என்றார் உலகநாதன்.

"மேகத்துக்குக் கால் ஏது?"

"மழைக்கால்னு சொல்றோமே."

தலைவர் வெகுநேரம் யோசித்தார். "சரி, அதையும் எழுதிக்க. ஒண்ணு பறவை, இல்லாட்டி மேகம்."

சீனித்தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஏய்யா, தலைக்கு மேலதானே உக்காந்திருக்கு? ஒருக்கா நிமிந்து பாருங்கய்யா."

"அக்கா, நீங்க சொல்ற பறவை வேற, நாங்க விசாரிக்கிற பறவை வேற," என்றார் தலைவர் பொறுமையாக. "நம்ம பறவை போன்ல இருக்கு."

மேலே இருந்த பறவைக்கு இது கேட்டதோ என்னவோ, தன் பங்குக்கு ஓர் அத்தாட்சியைக் கீழே போட்டது. குடைக்கு வெளியே நீண்டிருந்த தலைவரின் தொப்பையில் அது விழுந்தது. மாயகிருஷ்ணன் ஆர்வமாக, "தலைவரே, இதை வச்சுக் கண்டுபிடிக்கலாமே?" என்றான். செயலாளர் படத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த எச்சம் படத்தில் இல்லாததால் ஏற்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். தலைவர் சட்டையைத் துடைக்காமல் சட்டத்தை மதித்தார்.

படத்தை ரேஞ்சருக்கு அனுப்பினார்கள். "ஒண்ணும் தெரியலையே, பெரிசு பண்ணிப் பாருங்க," என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் டவுனில் இருந்து லோடு ஆட்டோவில் ஒரு ஃபிளக்ஸ் வந்து இறங்கியது. கல்யாண வீட்டு வாசலில் கட்டுகிற அளவு. அதைக் கடைக்கு எதிரே கட்டிவிட்டு, சங்கத்தார் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். அப்படித் தள்ளித் தள்ளிப் போய்க் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தார்கள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

உலகநாதன் கவனமாகப் பதில் சொன்னார். "முந்தி சின்னதாத் தெரியல தலைவரே. இப்பப் பெரிசாத் தெரியல."

இது முன்னேற்றம் என்று முடிவாயிற்று. செயலாளர் ரேஞ்சருக்குப் போன் போட்டு, பறவை கதவு அளவுக்கு இருப்பதாகத் தெரிவித்தார். ரேஞ்சர், "பக்கத்துல நமக்குத் தெரிஞ்ச பொருள் எதையாச்சும் வச்சு ஒரு படம் எடுங்க. அப்பத்தான் நிஜ அளவு தெரியும்," என்றார்.

நமக்குத் தெரிந்த பொருள் எது என்று ஒரு கூட்டம் நடந்தது. தலைவருக்குத் தெரிந்தது உலகநாதனுக்குத் தெரியவில்லை, உலகநாதனுக்குத் தெரிந்ததை மாயகிருஷ்ணன் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் நாலு பேருக்கும் தெரிந்த ஒரே பொருள் டீ கிளாஸ்தான் என்று தெரியவந்தது. காலி கிளாஸ் வேண்டாம், டீ இல்லாவிட்டால் அது டீ கிளாஸ்தானா என்று ரேஞ்சருக்குச் சந்தேகம் வரும் என்றார் செயலாளர். சீனித்தாய் சூடாக ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள், கடை போகப் போகிறதே.

மாயகிருஷ்ணன் வலது கையில் டீயையும் பல்லில் போனையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி மரம் ஏறினான். பாதி டீ தலைவர் மேல், மீதி டீ செயலாளர் மேல். காலி கிளாஸைத் தன் மூக்குக்கு முன்னால் ஒரு கொப்பில் வைத்துவிட்டு, அதோ அந்தக் கடைசிக் கொப்பில் சத்தம் கேட்ட பக்கமாகப் படம் எடுத்தான். படத்தில் கிளாஸ் அண்டா மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால் துளியூண்டு வெள்ளை.

"கிளாஸ்ல பத்துல ஒரு பங்குகூட இல்லையே," என்று குருந்தப்பன் கவலைப்பட்டார்.

"அப்ப ஈயா இருக்கும்," என்றார் உலகநாதன்.

தலைவர் முகம் வாடிவிட்டது. "ஈக்காக ரோட்டைத் தள்ளிப் போடுவாங்களா? பாவம்ப்பா சீனித்தாயி."

இதுதான் அவர்களிடம் எனக்கு எரிச்சலான விஷயம். நாலு பேருக்கும் மனசு தங்கம். அந்தப் பெண்ணின் கடையைக் காப்பாற்ற ராத்திரி பகலாக அலைந்தார்கள், சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர்களை என்ன செய்வது?

கிளாஸ் படத்தையும் அனுப்பினார்கள், ரேஞ்சரிடம் இருந்து மறுபடி போன் வந்தது. அவர் குரலிலும் களைப்பு. "இலை எல்லாம் குறுக்க வருதுப்பா. குறுக்க எதுவும் மறைக்காம ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்க. திங்கக்கிழமை ரோட்டுக்காரங்க வந்துடுவாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல."

மறுநாள் வெள்ளிக்கிழமை. சீனித்தாய், எதற்கும் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனுவும் கொடுத்து வைப்போம் என்று காலை பஸ்ஸில் கிளம்பினாள். போகும்போது தலைவரிடம், "மரத்தைப் பார்த்துக்கங்கய்யா," என்றாள்.

"நேர்ல பார்க்கக் கூடாதே அக்கா," என்றார் தலைவர். "மத்தபடி கவலைப்படாதீங்க."

பஸ் திரும்பியதும் வேலை தொடங்கியது. முதலில் இலை. துரட்டியும் அரிவாளும் கொண்டுவந்து ஊர் ஆடுகளுக்கெல்லாம் விருந்து வைத்தார்கள். மத்தியானத்துக்குள் மரம் மொட்டையாகிவிட்டது. அந்த வருஷக் கூட்டுக்கு அப்போதுதான் குச்சி சேர்க்கத் தொடங்கியிருந்த பறவைகள், இருந்து பார்த்துவிட்டு, கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களுக்குக் குடி போய்விட்டன. அதை நான் பார்த்தேன். சங்கத்தார் பார்க்கவில்லை, குடைக்குள் இருந்தார்கள்.

மாயகிருஷ்ணன் ஒரு படம் எடுத்துக் காட்டினான்.

"இப்ப எது மறைக்குது?" என்றார் தலைவர்.

"கொப்பு மறைக்குது தலைவரே."

விறகுக்கடையில் இருந்து மோட்டார் ரம்பம் வந்தது. கொப்புகள் போயின. மறுபடி ஒரு படம்.

"இப்ப?"

"எல்லாம் எடுத்தாச்சு. மரம்தான் பாக்கி."

நாலு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். மாயகிருஷ்ணன் தலையைச் சொறிந்தபடி, "மரத்தைக் காப்பாத்தத்தானே இதெல்லாம்?" என்றான். அவனுடைய ஆயுளில் அவன் பேசிய ஒரே நல்ல வார்த்தை அது.

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, மரத்தைக் காப்பாத்தணும்னா உத்தரவு வேணும். உத்தரவு வேணும்னா போட்டோ வேணும். போட்டோ வேணும்னா மரம் குறுக்க நிக்கக் கூடாது. இதுல எந்த எடத்துல உனக்குச் சந்தேகம்?"

மாயகிருஷ்ணன் விரல் விட்டு யோசித்துப் பார்த்துவிட்டு, எந்த இடத்திலும் இல்லை என்றான். செயலாளர் தீர்மானமாக எழுதினார். இந்த இடத்தில்தான் நான் பெஞ்சை விட்டு எழுந்து, "ஏம்ப்பா, வேண்டாம்ப்பா," என்றேன். "நீங்க உறுப்பினரா?" என்று கேட்டார் குருந்தப்பன். இல்லை என்றேன். "அப்ப உக்காருங்க," என்றார்.

சாயங்காலம் மரம் ரோட்டோரமாக நீட்டிப் படுத்துக் கிடந்தது. சங்கத்தாருக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டதற்கு ஞாபகமாக நாமும் ஒரு படம் எடுத்துக்கொள்வோம் என்றார் தலைவர். மாயகிருஷ்ணன் போனைப் பாய்லர் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஓடிவந்து நின்றான். நாலு பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மடக்கிய கறுப்புக் குடை கக்கத்தில். உருண்டையான அடிமரத்தின் மேல் இரண்டு காலையும் ஊன்ற இடமில்லாததால் ஆளுக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மறைப்பு எதுவும் இல்லாத முதல் படம் என்பதால் அதையே ரேஞ்சருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

கடைசி பஸ்ஸில் சீனித்தாய் வந்தாள். இறங்கியவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, நிறுத்தம் மாறி இறங்கிவிட்டேன் போலிருக்கிறது என்று திரும்பவும் பஸ்ஸில் ஏறப் போனாள். அப்புறம்தான் தன் பாய்லரைப் பார்த்தாள். அப்படியே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மனுவை வாங்கவே ஆள் இல்லையாம், போன இடத்திலும் ஒன்றும் நடக்கவில்லை.

"அழாதீங்க அக்கா," என்றார் தலைவர், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "இப்ப வெளிச்சம் நல்லா வருது பாருங்க."

அவள் வடைக்கரண்டியைத் தேடினாள். நல்லவேளையாக, அந்த நேரம் பார்த்து மாயகிருஷ்ணனின் போன் அடித்தது.

"என்னப்பா இது!" என்று கத்தினார் ரேஞ்சர். "இப்ப அனுப்பினீங்களே ஒரு படம், இப்பத்தான்யா எனக்கு உருவமே தெரியுது. நாலு இருக்கு. ஆள் உயரம் இருக்கும் போலிருக்கே. வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, ஒத்தைக் கால்ல நிக்குது. என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. என்ன பறவைன்னு உடனே எழுதி அனுப்புங்க."

போனை வைத்ததும் நாலு பேரும் படத்தைச் சுற்றிக் கூடினார்கள். மாயகிருஷ்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தலைவரே, இது நாமளாச்சே?"

"எப்படிச் சொல்ற?"

"நாமதானே போய் நின்னோம்."

"அது நேர்ல நடந்தது," என்றார் தலைவர். "படத்துல என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லு. மூஞ்சி தெரியுதா?"

"தெரியல."

"பேரு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்பறம் எந்த ஆதாரத்துல நாமன்னு சொல்ற?"

மாயகிருஷ்ணன் வெட்கப்பட்டுப் போனான். ஆராய்ச்சி தொடர்ந்தது. வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, ஒற்றைக் கால் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்ததில் நத்தை தின்கிற நாரை இனம், ஆனால் மிகப் பெரியது என்று தெரிந்தது. தரையில் விழுந்து கிடக்கும் மரத்தின் மேல்தான் நிற்கும், நிற்கும் மரம் அதற்கு ஆகாது. நாலில் ஒரு பறவைக்கு மட்டும் வயிறு இவ்வளவு பெரிதாக இருப்பதேன் என்று நெடுநேரம் விவாதம் நடந்தது.

"அது பெட்டை," என்றார் உலகநாதன் முடிவாக. "முட்டை போடப் போகுது."

தலைவர் அந்தப் பறவையைக் கனிவோடு பார்த்தார். "பாவம். எழுதிக்க."

திங்கட்கிழமை ரோட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் ரேஞ்சரின் உத்தரவு வந்து சேர்ந்துவிட்டது. முட்டையிடும் பருவத்தில் உள்ள அரிய வகைப் பெரும் நாரைகள் இங்கே தரையிலேயே தங்குவதால், கிடக்கும் மரத்தையும் அதை ஒட்டிய டீக்கடையையும் யாரும் ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது. ரோடு எதிர்ப்பக்கம் வளைந்து போனது. சீனித்தாய் உத்தரவை என்னிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை முடிப்பதற்குள் அவள் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். கடைக்கு மேல் அந்த ஃபிளக்ஸைக் கூரையாகக் கட்டிக்கொண்டாள், வெயிலுக்குப் பரவாயில்லை.

வனத்துறை ஆட்கள் கடை வாசலில் ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள், பறவைகளுக்கு எந்தத் தின்பண்டமும் கொடுக்காதீர்கள், மீறினால் நடவடிக்கை என்று அதில் எழுதியிருந்தது.

மறுநாள் சங்கத்தார் கம்பீரமாக வந்து அடிமரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். "அக்கா, நாலு டீ, நாலு வடை," என்றார் தலைவர். சீனித்தாய் வடையை எடுத்து இலையில் வைத்தாள். அதற்குள் செயலாளர் பலகையைப் படித்துவிட்டார்.

"தலைவரே, குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"நமக்கில்லப்பா, பறவைக்கு."

"பறவைன்னு நாமதானே எழுதிக் குடுத்தோம்? கையெழுத்து நம்மளுதுதானே?"

தலைவர் வடையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சீனித்தாய், "அட தின்னுங்கய்யா, யாரு கேக்கப் போறா," என்று இலையை நீட்டினாள்.

"வேண்டாங்க அக்கா," என்று தலைவர் கையை இழுத்துக்கொண்டார். "நாங்க ஒரு வடை தின்னோம்னா உங்க உத்தரவு போயிடும். அதுவும் போக, கைநீட்டித் தின்னு பழகிட்டா அப்பறம் காட்டுல தானா எரை தேட வராது."

நாலு பேரும் எழுந்தார்கள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசையாகக் கண்மாய்க்குள் இறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்து குனிந்து தேடினார்கள். சீனித்தாய் கரையில் இருந்து எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள். வெயில் ஏறியபோது மாயகிருஷ்ணன் கையில் ஒரு நத்தை அகப்பட்டது. பசியில் அவன் அதை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தான், உலகநாதன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"தலைவருக்குக் குடு முதல்ல," என்றார். "அவருதான் முட்டை போடணும்."